ஆர்வில் ஹேஸ்கெட் ஜெயித்த பணம்

போக்கர் ஆடிப் பிழைக்கிறவன் என்றால் கோட்டும் சுருட்டும் என்று நினைப்பவர்கள் ஆர்வில் ஹேஸ்கெட்டைப் பார்த்திருக்க வேண்டும். ஏதோ குமாஸ்தா மாதிரி சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வருவார். கார்டீனா சீட்டு கிளப்பில் நான் காபி கொடுத்த காலமெல்லாம் அவர் அங்கே சம்பள ஆட்டக்காரர். ஆள் குறைகிற மேசையில் கிளப் அவரை உட்கார வைக்கும். சம்பளம் கிளப் கொடுக்கும். பந்தயம் வைப்பது அவர் சொந்தக் காசு. தோற்றால் அவர் பாடு. பெரிதாக ஜெயித்ததும் இல்லை, கவிழ்ந்ததும் இல்லை.

விமான ஆலையில் வேலை போனபின் இந்தப் பிழைப்புக்கு வந்தவர். அங்கே அவரோடு வேலை பார்த்த ரஸ் பிளாங்க் இறந்த மறுமாதம், அவன் மனைவி ஐனா இன்ஷூரன்ஸ் பணத்தைத் தூக்கிக்கொண்டு கிளப்புக்கு வந்துவிட்டாள். மேலாளர் ஆர்வில்லை அவள் எதிரே உட்காரச் சொன்னான். பாழாய்ப்போன வேலை.

"வீட்டுக்குப் போங்க ஐனா. இது உங்களுக்கு ஆகாது."

"வீட்ல யாரு இருக்கா, சுவரா? சீட்டப் போடச் சொல்லு."

நல்ல சீட்டு வந்தால் அவளுக்கு முகமெல்லாம் பல். சுற்றி உட்கார்ந்திருந்தவன்கள் நாக்கைச் சப்புக்கொட்டினான்கள். அவன்கள் பிய்த்துத் தின்பதற்குள் தானே எல்லாவற்றையும் ஜெயித்து அவளை விரட்டிவிடலாம் என்று ஆர்வில் கணக்குப் போட்டார். ஈவிரக்கமில்லாமல் ஆடினார். அந்த வாரமே அவள் வெறுங்கையோடு எழுந்து போனாள்.

காபியை அவர் முன்னால் ணங்கென்று வைத்தேன்.

"ஏய்யா, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

காபியைக் குடித்துவிட்டு அவர் எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போய் முழுப்பணத்தையும் கொடுத்துவிட்டு, இனி கிளப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். ஐனா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம்.

மறுநாள் கதவு திறந்ததும் முதல் ஆளாக வந்து நின்றாள்.

ஆர்வில் மேலாளரிடம் ஓடினார். "எனக்கு வேற மேசை குடு."

"இஷ்டமில்லன்னா கெளம்பு. ஒன் எடத்துக்கு வாசல்ல ஆள் நிக்குது."

உட்கார்ந்தார். அவர் எடுக்காவிட்டால் மற்றவன்கள் எடுப்பான்கள். அவன்களில் எவனும் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை. சாயங்காலத்துக்குள் அத்தனை பணமும் மறுபடி அவர் முன்னால் டோக்கனாகக் குவிந்தது.

ஐனாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. கைப்பையை மூடிக்கொண்டு எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினாள்.

"இந்த வாட்டியும் ஞாயித்துக்கெழம வரைக்கும் காத்திருக்கணுமா ஆர்வில்? நாளைக்குக் காலையிலயே குடுத்துடேன்."