கற்பூரம் பிடித்த துவக்கு

முதலாவது சனி

"இதென்ன பூசை? என்ர துவக்குக்கு உங்கட சாமிச் சடங்கு ஒண்டும் வேண்டாம்" என்று அந்த மனிதர் என் கையிலிருந்து துவக்கைப் பறித்தார். இன்டர்லாக்கனுக்குப் பக்கத்துச் சூட்டுத்திடலில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க. அவர் அந்த ஊர்ச் சுடுவோர் கழகத்தின் தலைவர். நான் துவக்குத் திருத்தும் தொழில் படித்து முடித்து அப்போதுதான் இரண்டாம் வருடம். அவர் பேசியது சுவிஸ் ஜெர்மன்தான், ஆனால் என் காதில் விழுந்தது இப்படித்தான். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. நான் வேதக்காரி, கிறிஸ்தவப் பிள்ளை. எங்கள் வீட்டில் யாரும் சாமிக்குக் கற்பூரம் கொளுத்தியதில்லை.

அவருடையது ஃபோர்டர்லாடர், அதாவது குழாயின் வாய்ப்பக்கமாக வெடிமருந்தும் ஈயக்குண்டும் இடித்துச் சுடும் பழைய மாதிரித் துவக்கு. குண்டெல்லாம் இலக்கின் இடப்பக்கமே போகுதாம், பின்குறியான கிம்மேயை வலப்பக்கம் தட்டவேண்டுமாம். தட்டுவது பெரிய வேலையில்லை. குண்டு எந்தப் பக்கம் போகவேண்டுமோ கிம்மேயை அந்தப் பக்கம் தட்டினால் சரி. ஆனால் குழாய் நுனியில் இருக்கும் முன்குறியைப் பார்த்தேன். அதைக் கோர்ன் என்போம். பித்தளைக் கோர்ன், வீட்டில் யாரோ மினுக்கு மினுக்கென்று மினுக்கியிருந்தார்கள். வெயில் வலப்பக்கத்திலிருந்து விழுந்தது. அப்போது கோர்னின் வலது ஓரம் மட்டும் மின்னும், கண் அந்த ஓரத்தையே கோர்ன் என்று எடுத்துக்கொள்ளும், குண்டு இடப்பக்கம் போகும். அன்றைய வெயிலுக்கென்று கிம்மேயைத் தட்டினால் வெயிலில்லாத மப்பு நாளில் குண்டு வலப்பக்கம் போய்விடும். முதலில் கோர்னைக் கறுப்பாக்கிச் சுட்டுப் பார்க்கவேண்டும்.

கறுப்பாக்கக் கற்பூரப் புகையைப்போல ஒன்றும் இல்லை. ஒளி தெறிக்காது, துடைத்தால் போய்விடும். இதை எனக்குப் படிப்பித்ததே என் சுவிஸ் முதலாளி. நாங்கள் அவரைச் செஃப் என்போம். அவர் மருந்துக்கடையில் வாங்கி வைத்திருந்தது முடிந்துபோனதால் நான் பூம்ப்ளிஸ் தமிழ்க்கடையில் வாங்கி வந்திருந்தேன். குழாய் வெறுமையா என்று பார்த்து, வெடிமருந்துப் பெட்டிக்கு எட்டத்தில் போய் நின்று கொளுத்தினேன். அப்போதுதான் இந்தப் பூசைக் கதை.

பக்கத்தில் நின்ற செஃப்பைப் பார்த்தேன். "இது நான் படிப்பிச்ச வேலை" என்று அவர் ஒரு வசனம் சொன்னால் போதும்.

"நீ போய் மற்றத் துவக்குகளைத் துடை, ஜெசிந்தா" என்றார். கோர்னில் பிடித்த கரியைத் துடைத்துவிட்டுக் கிம்மேயைத் தானே தட்டிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது வான் வண்டியில் கேட்டேன். "ஏன் செஃப், நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை?"

"அவற்ற கழகத்து ஆக்கள் முழுப்பேரும் எங்களிட்டத்தான் வருகினம். கொஞ்ச நாளைக்கு நீ திடலுக்கு வராத. பட்டறையில இரு."

சுட்டுப் பார்க்காமல் குறி சரிசெய்ய முடியாது. திடல் இல்லையென்றால் நான் துரு துடைக்கிறவள், அவ்வளவுதான். படித்த படிப்பு எதற்கு? அழுகை வரவில்லை, கொதிதான் வந்தது.

பிறகு ஒரு சனி

வானம் மப்பாக இருந்த ஒரு நாள் தலைவர் பட்டறைக்கே வந்தார். குண்டெல்லாம் இப்போது வலப்பக்கம் போகுதாம். "அந்தப் பெட்டை என்னவோ செய்து போட்டுது" என்றார், நான் பக்கத்தில் நிற்கும்போதே.

செஃப்புக்கு விளங்கிவிட்டது. கிம்மேயைப் பழைய இடத்துக்குத் தட்டினார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து தடவினார். கற்பூரம் என் பையில் இருந்தது.

"அதை எடு" என்றார் மெல்ல.

"அது பூசைச் சாமான் எல்லோ, செஃப். ஐயாவிட்ட ஒருக்காக் கேளுங்கோ" என்றேன் உரக்க.

செஃப்பின் காது சிவந்தது. லாச்சியைத் தள்ளி மூடினார். பிறகு தலைவரிடம், "இது இவளின்ர சடங்கு இல்லை. எனக்கு என்ர முதலாளி காட்டினது, இவளுக்கு நான் காட்டினது. அண்டைக்கே சொல்லியிருக்கவேணும்" என்றார்.

"ஓ, அப்பிடியோ. நீங்கள் செய்யிறதெண்டால் அது தொழில்தானே" என்று தலைவர் துவக்கைச் செஃப்பிடம் நீட்டினார்.

நான் செஃப்பை முந்திக் கையை நீட்டினேன். "நான் செய்யிறன். திடலுக்கும் நான்தான் வருவன்."

செஃப் துவக்கை வாங்கி என் கையில் தந்தார்.

அடுத்த வெயில் நாளில் திடலில் கோர்னைக் கறுப்பாக்கிச் சுட்டேன், குண்டுகள் நடுவில் விழுந்தன. அது என் கெட்டித்தனம் என்று சொல்லவரவில்லை, கறுத்த கோர்னை வைத்து யார் சுட்டாலும் விழும். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு இரண்டு விடயம் தெரிந்திருந்தால் போதும். கோர்ன் மின்னினால் கிம்மேயைத் தொடாதீர்கள். முதலாளி உங்களுக்காக வாய் திறப்பார் என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

அந்த மனிதர் இன்றுவரை என்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் பனி கரைந்ததும் வருடா வருடம் துவக்கைக் கொண்டுவருகிறார். கற்பூரத்தை அவர் முகத்துக்கு நேரே நின்றுதான் கொளுத்துகிறேன்.