வயிற்றுக்கு நல்லதென்று குடித்த மோர்

முதலில் வந்தது வலி இல்லை. நாற்றம். கழிவறையில் மலம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாலும் போகாமல், எண்ணெய் பூசியதுபோல் வெளுத்து மிதந்தது. இரண்டாவது வாளி ஊற்றினேன். அப்போதும் மிதந்தது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நோய் வந்தவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். யாரிடமும் சொல்லாமல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பதால்தான் வருடம் ஓடிவிடுகிறது. எனக்கு இரண்டு வருடம் ஓடியது.

நான் மண்ணூரில் இருக்கிறேன். எழுபது வயதைத் தாண்டிவிட்டேன். மூன்றாம் வகுப்புவரை படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், நிதானமாக எழுதுவேன். எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது, முட்டையும் கிடையாது. சுத்தத்தில் என்னைக் குறை சொன்னவர் இந்தத் தெருவில் இல்லை. அப்படிப்பட்டவள் என் உடம்பிலிருந்து வரும் நாற்றத்துக்கே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

எனக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. சர்க்கரை என்றால் சோற்றைக் குறை, சப்பாத்தி சாப்பிடு என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் சொல்வார்கள். நானும் காலையில் கோதுமை ரவை உப்புமா, இரவில் மூன்று சப்பாத்தி என்று வைத்துக்கொண்டேன். மற்றவர்கள் வாயைக் கட்ட முடியாமல் தவிக்கும்போது நான் கட்டிவிட்டேன் என்று பெருமை வேறு. உடம்பு இளைத்தபோது சப்பாத்தி வேலை செய்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஐம்பத்தெட்டு கிலோ இருந்தவள் நாற்பத்தொன்றுக்கு வந்தேன். வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. நாக்கு வெந்ததுபோல் இருந்தது. இரும்புச் சத்து மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் (ரத்தத்துக்குச் சிவப்பு தரும் சத்து) ஏறவில்லை. ஒரு டாக்டர் முட்டை சாப்பிடச் சொன்னார். அவரிடம் மறுபடி போகவில்லை.

ஒருநாள் படப்பைக்கு ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். ஒரகடம் தாண்டியதும் வயிறு புரட்டியது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். இரண்டு பக்கமும் கம்பெனி மதில். ஒரு புதர் இல்லை, மரம் இல்லை. கன்டெய்னர் லாரி வரிசையாக நிற்கிறது, டிரைவர்கள் மேலேயிருந்து பார்க்கிறார்கள். ஒரு கேட்டில் போய் நின்றேன்.

“இன்னா ஆயா, யாரப் பாக்கணும்? கேட் பாஸ் கீதா?” என்றான் காவலுக்கு நின்றவன்.

பதில் சொல்ல நேரமில்லை. நின்ற இடத்திலேயே ஆகிவிட்டது.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, உள்ளே குழாய் இருக்கிறது, போய்க் கழுவிக்கொள்ளுங்கள் என்றான். நல்லவன்தான். ஆனால் அவன் முகத்தைத் திருப்பியதை நான் இன்னும் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்து புடவையை மூலையில் சுருட்டிப் போட்டேன். மருமகள் செல்வி வேலையிலிருந்து வந்ததும் அதை எடுத்தாள். இரண்டு முறை அலசி, வெந்நீரில் போட்டு, வெயிலில் காயவைத்தாள். இதை இங்கே சொல்லிவைக்கிறேன். பின்னால் நான் செய்ததைப் படிக்கும்போது இது உங்கள் நினைவில் இருக்க வேண்டும்.

சென்னைப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) செய்தார்கள். பயாப்ஸிக்கு (சிறு துணுக்கு கிள்ளிச் சோதிப்பது) எடுத்தார்கள். அங்கே இருந்த பெண் டாக்டர்தான் நோய்க்குப் பெயர் சொன்னார். சீலியாக். கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் (மாவைப் பிசைந்தால் பசைபோல இழுபடும் சத்து) இருக்கிறது. சிலர் உடம்பு அதைப் பகையாக நினைத்துச் சண்டைக்குப் போகும். அடி விழுவது சொந்தக் குடலுக்கு.

“புதுத் துண்டுல நூல் நூலா நிக்குமே, அந்த மாதிரி குடலுக்குள்ள நிக்கணும்மா. அதுதான் சத்த உறிஞ்சும். உங்களுக்கு வழிச்சு எடுத்தமாதிரி இருக்கு,” என்றார். “கோதுமை, மைதா, ரவை, சேமியா, ரஸ்க் எதுவும் இனிமே ஆயுசுக்கும் கூடாது.”

“கொஞ்சமா சாப்ட்டா?” என்று கேட்டான் என் மகன்.

“நகத்துல ஒட்டினதும் கூடாது.”

வெளியே வந்ததும் மகன், “இதுக்கா இம்மாம் தூரம் வந்தோம்?” என்றான். செல்வி அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

செல்வி ஒரு கம்பெனியில் போன் பாகம் செய்யும் லைனில் இருக்கிறாள். தலைக்கு உறை, கைக்கு உறை, ஒரு தூசு விழுந்தாலும் பீஸ் ரிஜெக்ட். அந்தப் பழக்கத்தில் என் பானை, கரண்டி, தோசைக்கல் எல்லாவற்றிலும் மஞ்சள் டேப் ஒட்டினாள். மஞ்சள் ஒட்டியதை வேறு யாரும் தொடக்கூடாது. மில்லில் கோதுமை அரைத்த கையோடு என் கேழ்வரகை அரைக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அதை வீட்டு மிக்சியில் அரைத்தாள். நான் என் சமையலை நானே செய்துகொண்டேன். என் அடுப்பில் இன்னொருத்தி கரண்டி போடுவது எனக்குப் பிடிக்காது.

நான்கு மாதம் ஆயிற்று. கோதுமையை நான் கண்ணாலும் பார்க்கவில்லை. ஆனால் மிதப்பது மிதந்துகொண்டுதான் இருந்தது.

வயிறு கெட்டால் நாம் என்ன செய்வோம்? மோரைக் கடைந்து, உப்புப் போட்டு, பெருங்காயத்தூளைத் தட்டிக் குடிப்போம். நானும் குடித்தேன். காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. வயிறு அதிகமாகப் போன நாளில் மூன்று. சோற்றுக்குக் காய் இல்லாவிட்டாலும் பெருங்காயம் தூக்கலாக ஒரு ரசம்.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். எதிர்ப்புப் பொருள் (உடம்பு சண்டைக்கு அனுப்பும் படை) கொஞ்சமும் இறங்கவில்லை. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“நீங்க கோதுமைய நிறுத்தலம்மா.”

“நான் பொய் பேசற பொம்பள இல்ல.”

“அப்போ உங்களுக்குத் தெரியாம உள்ள போவுது. அப்படியும் இல்லன்னா குடல்ல வேற கெட்டது இருக்கான்னு பாக்கணும். ரெண்டு மாசம் டைம் தரேன். என்ன போவுதுன்னு கண்டுபிடிச்சிட்டு வாங்க.”

கெட்டது என்றால் புற்றுநோய் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் என் பானையைத் தூக்கி முற்றத்தில் போட்டேன்.

“நீதாண்டி போடற. நான் இல்லாத நேரம் பாத்து என் பானையில மாவத் தூவற. நான் போய்ச் சேந்தா வூடு உன் கைக்கு வந்துடும்னு பாக்கறியா?”

மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். செல்வி நடு முற்றத்தில் உருண்ட பானையை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

“அத்தை, எங்க லைன்ல பீஸ் ரிஜெக்ட் ஆனா மொதல்ல ஆளத் தேட மாட்டாங்க. உள்ள இன்னா இன்னா போவுதுன்னு ஒண்ணொண்ணா நிறுத்திப் பாப்பாங்க. எல்லாம் பாத்தும் கிடைக்கலன்னா அப்புறம் ஆளு. ஞாயித்துக்கெழம எனக்கு லீவு. அன்னிக்குப் பாக்கலாம். அதுவரைக்கும் உங்க அடுப்பு இருக்கற பக்கமே நான் வரல.”

ஞாயிற்றுக்கிழமை பாயை விரித்து, என் வாய்க்குள் போவது எல்லாவற்றையும் கொண்டுவந்து வைக்கச் சொன்னாள். அரிசி, உளுந்து, புளி, மிளகாய்த்தூள், ஊறுகாய், சர்க்கரை மாத்திரை, பல்பொடிகூட வைத்தேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் படித்தாள். நான் எதிரில் உட்கார்ந்து, போலீஸ்காரியைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவ்ளோதானா அத்தை?”

“அவ்ளோதான்.”

ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு கேவலமான சந்தோஷம். இனி ஆள்தானே மிச்சம்.

சாயங்கால மோருக்கு நேரமாகியிருந்தது. எழுந்து மோர்ச் சொம்பை எடுத்தேன். சாமி மாடத்தில் விபூதிக்குப் பக்கத்தில் என் டப்பா இருக்கும். எடுத்துச் சொம்பில் தட்டினேன்.

“அது இன்னாது?”

“பெருங்காயம் தெரியாதா? உங்கம்மா வூட்ல ரசமே வெச்சதில்லையா?”

“அத ஏன் வைக்கல இங்க?”

“இது மருந்துடி. சாப்பாடா?”

அவள் டப்பாவை வாங்கிப் பின்பக்கம் பார்த்தாள். வெளிச்சத்துக்குப் போய் மறுபடி பார்த்தாள். பிறகு என்னிடம் கொண்டுவந்து ஒரு வரியில் விரலை வைத்தாள். எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்து. கூட்டிப் படித்தேன். கோ. து. மை. மா. வு.

“பெருங்காயத்துல ஏது கோதுமை?”

“கட்டி பிடிக்காம இருக்கக் கலக்கறாங்க போல அத்தை. காயத்துக்கு முன்னாடியே மாவுதான் எழுதிக்கீது.”

நாற்பது வருடம் அந்தப் பெருங்காயம் போட்ட ரசத்துக்கு நான் பேர் வாங்கியிருக்கிறேன். வயிறு கெடக் கெட அதைத்தான் அதிகமாகக் கரைத்துக் குடித்திருக்கிறேன். என் கையால், என் சொம்பில், சாமி பக்கத்தில் வைத்து. சொம்பை எடுத்துப்போய்ச் சாக்கடையில் ஊற்றினேன். குமட்டியது. மோரைப் பார்த்துக் குமட்டியதா, என்னைப் பார்த்துக் குமட்டியதா என்று தெரியவில்லை.

செல்வி ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. டப்பாவில் சிவப்பு டேப் ஒட்டிப் பரணில் போட்டாள். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. மறுநாள் காலையில் என் மஞ்சள் டேப் பானையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“இனிமே என் சோத்தையும் நீயே வடி.”

“எதுக்கு? நாளைக்கு ரிஜெக்ட் ஆனா என் தலைல கட்டறதுக்கா?” என்றாள். பிறகு பானையை எடுத்துக்கொண்டாள்.

டாக்டரிடம் டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டினோம். “நிறையப் பேர் இதுலதான்மா மாட்டறாங்க,” என்றார். மூன்று மாதத்தில் எதிர்ப்புப் பொருள் பாதியாக இறங்கியது. கழிவறையில் ஒரு வாளி போதும் என்றானது. ஒரு வருடம் கழித்து மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். நூல் முளைக்கத் தொடங்கியிருக்கிறதாம். கெட்டது எதுவும் இல்லை.

இதே நோய் வந்த சைவக்காரர்களுக்கு நான் சொல்வது: பயப்பட வேண்டாம், நம் சாப்பாட்டில் பாதி ஏற்கெனவே கோதுமை இல்லாததுதான். இட்லி, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், பச்சைப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், முருங்கைக் கீரை, எள்ளுப்பொடி, தயிர். சர்க்கரையும் இருந்தால் சோறு ஒரு கரண்டி, கீரையும் பயறும் மூன்று கரண்டி. எனக்கு எடை நாற்பத்தொன்பது வந்திருக்கிறது, முட்டை தொடாமல். மாவு கலக்காத பெருங்காயம் கிடைக்கும் என்கிறார்கள். எனக்கு இனி எதுவும் வேண்டாம். ரசத்தில் பூண்டும் சீரகமும் கூடுதலாகத் தட்டிப் போடுகிறாள் செல்வி.

பொட்டலத்தின் முன்பக்கத்தை நம்பாதீர்கள். படப்பைக் கடையில் சிறுதானிய பிஸ்கட், சிறுதானிய நூடுல்ஸ் என்று அடுக்கி வைத்திருக்கிறான். முன்பக்கம் தினைக்கதிர் படம், பின்பக்கம் மைதா. பார்த்தாலே எரிச்சல். கல்யாண வீட்டில் “ஒரு வாய்தானே” என்று இலையில் பூரியைப் போடுகிறவர்களைப் பார்த்தால் அதைவிட எரிச்சல். பெருங்காயம் போட்ட சாம்பாரும் வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும். என் புடவையை அவர்கள் அலசப் போவதில்லை.

முன்பெல்லாம் என் உடம்பு எனக்குச் சொந்தம், பசித்தால் சாப்பிடுவேன். இப்போது அது யாரோ என்னிடம் பார்த்துக்கொள்ளக் கொடுத்துவிட்டுப் போன பிள்ளை மாதிரி இருக்கிறது. கேட்காமல் எதையும் ஊட்ட முடியாது. வாரமும் மாதமும் எனக்கு மறந்துபோகிறது. செல்விக்கு ஏ ஷிப்ட் (காலை வேலை) வாரமா, பி ஷிப்ட் (மாலை வேலை) வாரமா என்பது மட்டும் தெரிகிறது.

இன்று ஏ ஷிப்ட். பக்கத்து வீட்டில் ஒரு கட்டு அப்பளம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பின்பக்கத்து எழுத்து என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. சோற்றை மூடிவைத்துவிட்டு மடியில் அப்பளக் கட்டோடு உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்குக் கம்பெனி பஸ் வந்து நின்றது. செல்வி செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கட்டை நீட்டினேன்.

திருப்பிப் படித்தாள்.

“வேணாம் அத்தை.”

“சரி. சோத்தப் போடு,” என்றேன்.