பரவாயில்லை வாத்தியார்

என் அக்கா வீட்டுக்காரர் கீபோர்டு வாத்தியார். வீட்டின் முன்னறைதான் வகுப்பு. நான்கு கீபோர்டுகள், ஒரு மின்விசிறி, சுவரில் அவருடைய விரல்களை அவரே படம் பிடித்து மாட்டிய சட்டம். பெற்றோர் யாராவது பணம் நீட்டினால், "இப்ப எதுக்குங்க, பரவாயில்ல, மெதுவா குடுங்க" என்பார். கலைஞன் வாயால் காசு கேட்பது அசிங்கமாம்.

மெதுவாகக் கொடுக்கலாம் என்று நழுவியவர்களை வாசலில் மடக்கி வசூலித்தது என் அக்கா. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. மீசை அவருக்கு, கூழுக்கு அலையும் வேலை அவளுக்கு. ஊர் அவரை மகான் என்றது. அவளுக்கு வைத்த பெயர் அவள் காதுக்கு எட்டாமல்தான் இருந்தது, ஒருநாள் ஒரு சின்னப் பெண் தோழியிடம் சொல்லும்வரை.

"சீக்கிரம் வாடி, வட்டிக்கார ஆன்ட்டி வராங்க."

அக்கா உள்ளே வந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். "இனிமே அந்த வாசல்ல நான் நிக்கமாட்டேன்" என்றாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

நான்தான் ஒரு கம்பெனியைப் பிடித்தேன். இப்படிச் சின்ன வகுப்புகளுக்குக் கட்டணம் வசூலித்துத் தருவதுதான் அவர்கள் தொழில். மாதம் பிறந்தால் பெற்றோரின் போனுக்கு பில் போகும், தாமதித்தால் நினைவூட்டல் போகும், அதற்கும் மசியாவிட்டால் பிள்ளையின் இடம் காத்திருப்பவருக்குப் போய்விடும். முதல் மாதம் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் கட்டினார்கள்.

அடுத்த மாதம் ஒரு அம்மா வந்தார். "சார், உங்க பேர்ல மிரட்டுற மாதிரி மெசேஜ் வருது."

அத்தான் நெஞ்சில் கை வைத்தார். "நானா கேப்பேன்? எல்லாம் அந்தக் கம்பெனிக்காரங்க பண்றது. மனுஷத்தன்மையே இல்லாதவங்க."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பெற்றோர் உருகிப்போனார்கள். கம்பெனிக்கு ஒரு காசு தருவதில்லை, சார் கையில் நேராகக் கொடுப்போம் என்று கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். சனிக்கிழமை வந்து ஒவ்வொருவராக நீட்டினார்கள். அத்தான் ஒவ்வொருவரிடமும் பழக்கதோஷத்தில் "பரவாயில்ல" என்றார். இப்போதுதான் வாசலில் யாரும் இல்லையே. அவர்களும் மரியாதை தெரிந்தவர்கள், சார் பேச்சைத் தட்டாமல் பணத்தைத் திரும்ப பர்ஸில் வைத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த மாதம் பிறந்தது, வாடகைக்கு வழியில்லை. அத்தான் அக்காவின் பக்கம் திரும்பி, "நீ ஒரு வார்த்தை கேட்டா குடுத்துடுவாங்க" என்றார். அக்கா போனை எடுத்து, கம்பெனியில் புதிதாக ஒரு மாணவரைச் சேர்க்கச் சொன்னாள்.

மறுநாள் காலை அத்தானின் போனுக்குச் செய்தி வந்தது. "அன்புள்ள மாணவருக்கு, தங்கள் வீட்டு வாடகையும் சாப்பாட்டுச் செலவும் நிலுவையில் உள்ளன. சனிக்கிழமைக்குள் செலுத்தாவிட்டால், தங்கள் இடம் காத்திருப்பவருக்கு வழங்கப்படும்."

இரண்டு முறை படித்தார். "ஏம்மா, இத என் முகத்தப் பாத்துக் கேட்டிருக்கக் கூடாதா?"

"முகத்தப் பாத்துக் காசு கேக்குறது அசிங்கம்னு நீங்கதானே சொல்வீங்க."

பிறகு என்னைத் தனியாக அழைத்து, காத்திருப்பது யார் என்று மெல்ல விசாரித்தார். எனக்குத் தெரியாது என்று சொல்லிவைத்தேன். கொஞ்சம் பயம் இருக்கட்டுமே.

சனிக்கிழமை வாசலில் அத்தான் நின்றார். முதல் ஆள் பணத்தை நீட்டியதும் அவர் உதடு 'ப' சொல்ல ஒட்டியது. உள்ளே கீபோர்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா தலையைக்கூடத் தூக்கவில்லை. அத்தான் எச்சிலை விழுங்கிவிட்டு வாங்கிக்கொண்டார். ருசி கண்டதும் போன மாத பாக்கியையும் கேட்டார்.

மெசேஜைப் பற்றிப் புகார் சொன்ன அதே அம்மா படியிறங்கும்போது என்னிடம் சொன்னார்: "பாவம், சார் முன்ன மாதிரி இல்ல. பணத்தாசை வந்துடுச்சு. எல்லாம் அந்தம்மா சொல்லிக்குடுத்ததா இருக்கும்."

அக்காவிடம் போய் அப்படியே சொன்னேன். வாடகைப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"பரவாயில்ல" என்றாள்.