என் கணவரை அடித்தவனுக்கு முன்னால்

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, என் பெயர் ரெஜினா. கொட்டாஞ்சேனையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். ஒரு மனிதனைக் கொல்ல வேண்டும் என்று பல மாதங்கள் ஆசைப்பட்டவள் நான். கர்த்தர் என்னை அதிலிருந்து எப்படி இழுத்தெடுத்தார் என்பதைச் சொல்லத்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

என் கணவர் அன்ரன் திரீவீலர் ஆட்டோ ஓட்டியவர். போன வருடம் தவக்காலம் தொடங்கிய கிழமை, மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டு ஸ்டாண்டுக்குப் போனேன். வந்த ஹயருக்கு, அந்தச் சவாரிக்கு, யாருடைய முறை என்று பிரதீப் என்ற இன்னொரு டிரைவரோடு அவருக்கு வாய்த்தர்க்கம். நான் கூப்பிடுவதற்குள் பிரதீப் வீல் ஸ்பானரை எடுத்து அவர் முகத்தில் அடித்தான். அவர் விழுந்தார். விழுந்தவரையும் விடவில்லை. தலையில் உதைத்தான். திரும்பவும் உதைத்தான். நான் ஓடிப்போய்த் தலையைத் தூக்கினேன். என் விரல்களுக்குள்ளே இரத்தம் சூடாக வழிந்தது. வலது கண் இருந்த இடம் தெரியவில்லை.

உயிர் தப்பியது. கண் போய்விட்டது. வலிப்பும் வரத் தொடங்கியதால், இனி வாகனம் ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் தானாகத் தடுக்கி விழுந்தார் என்று பிரதீப் பொலிஸில் சொன்னான். பார்த்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். நான் கண்டதைச் சொன்னதற்கு, பெண்சாதி அப்படித்தான் சொல்வாள் என்றார்கள். பிணையில் வெளியே வந்தவன், எங்கள் தெருவாலேயே ஹோர்ன் அடித்துக்கொண்டு போனான்.

எனக்குள்ளே ஏதோ கறுத்துப்போனது. மாப் பிசையும்போது அவன் கழுத்தைத்தான் நெரித்தேன். தேங்காய் உடைத்தால் அவன் மண்டை. கோப்பை ஒன்றை உடைத்ததற்காக என் மகளை வாயில் இரத்தம் வர அடித்தேன். ஹெந்தளையில் இருக்கும் தம்பி ரூபனிடம், "அவன்ட கை முறிஞ்ச அண்டைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கும்" என்று சொன்னேன்.

ஜெபக்கூட்டத்துக்கு மட்டும் போய்வந்தேன். ஆண்டவர் கற்பித்த ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றிய இடம் வந்தால் என் தாடை இறுகிவிடும். பாஸ்டரின் மனைவி அதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் என் கையைப் பிடித்தார்.

"ரெஜினா, அந்த இடத்தில வாயை மூடுறீங்க, என்ன?"

"ஓம் அக்கா. எனக்குப் பொய் சொல்ல ஏலாது. அவன் சாகோணும்."

"அப்ப அதையே ஆண்டவரிட்டச் சொல்லுங்கோ. மன்னிக்க என்னால ஏலாது, அந்த மனசை நீர்தான் தரோணும் எண்டு கேளுங்கோ. வேற ஒண்டும் வேணாம்."

அன்றிலிருந்து அதைத்தான் கேட்டேன். உருகி அழுது கேட்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். ஒரு மாற்றமும் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் தம்பி போன் எடுத்தான். "அக்கா, ஆளைப் பிடிச்சிட்டம். கெதியா வா."

ஹெந்தளைக் கடற்கரைப் பக்கம், கட்டி முடிக்காத ஒரு வீடு. தம்பியும் அவனுடைய கூட்டாளிகளும் நின்றார்கள். பிரதீப் கைகள் பின்னால் கட்டப்பட்டு மண்ணில் கிடந்தான். உதடு கிழிந்து தொங்கியது. உடைந்த பல் சட்டையில் ஒட்டியிருந்தது. தம்பி என் கையில் ஒரு கம்பியைத் தந்தான்.

"நீ தொடங்கு அக்கா. அத்தான்ட கண்ணுக்கு."

நான் அடித்தேன். அதை மறைக்கமாட்டேன். தோளில் எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்டது. அவன் அலறினான். அந்த அலறலுக்காகத்தான் நான் இத்தனை நாள் ஏங்கியிருந்தேன். ஆனால் சந்தோஷம் வரவில்லை. திரும்பவும் ஓங்கினேன். கை கட்டியிருந்ததால் பொத்த முடியாமல் அவன் முகத்தை மண்ணுக்குள் புதைத்தான். அப்போது, கேட்டுக் கேட்டுப் பழகிய ஜெபம் தானாகவே என் வாயால் வந்தது.

"இயேசுவே, என்னால ஏலாது! நீர் தாரும்!"

கத்தியேவிட்டேன். கம்பி கீழே விழுந்தது. தம்பி அதைப் பாய்ந்து எடுத்து அவன் தலைக்கு ஓங்கினான். நான் பிரதீப்பின் மேல் விழுந்தேன். அடி என் முழங்கையில் இறங்கியது.

"உனக்கு விசரா அக்கா? அத்தான்ட கண்ணைப் பறிச்சவன் அவன்!"

"தெரியும். நான் பாத்தனான். அவிழ்த்து விடு."

தம்பியின் வானிலேயே அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என் முழங்கைக்கும் கட்டுப் போட்டு ஒரு கட்டிலில் இருத்தியிருந்தபோது பொலிஸ் வந்தது. நான் அடித்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த கட்டிலில் கிடந்த பிரதீப் கிழிந்த வாயால், "அன்ரன் அண்ணையை நான்தான் அடிச்சனான்" என்றான். யாரும் அவனிடம் அதைக் கேட்கவில்லை. நீதிமன்றத்திலும் அதையே சொன்னான். இப்போது சிறையில் இருக்கிறான். எனக்கும் தம்பிக்கும் வழக்கு நடக்கிறது. தம்பி என்னோடு கதைப்பதில்லை.

அன்று வீட்டில் நான் நடந்ததைச் சொன்னபோது, அன்ரன் என் கட்டுப் போட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்தார். "நீ கொலைகாரியாத் திரும்பி வந்திருந்தா, எனக்கு மற்றக் கண்ணும் போனமாதிரித்தான்" என்றார்.

என் முழங்கை இன்னும் சரியாக மடங்குவதில்லை. ஒருநாள் காலை கொச்சிக்கடையிலிருந்து பிரதீப்பின் தாய் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வந்தவர் இடியப்ப உரலை என் கையிலிருந்து வாங்கிப் பிழிந்தார். இப்போது தினமும் வருகிறார். என் மகள் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறாள்.

சகோதர சகோதரிகளே, கோபம் ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அன்ரனுக்கு வலிப்பு வரும் நாட்களில் அது திரும்பி வரும். நானும் திரும்பிப் போய் ஆண்டவரிடம் கேட்பேன். அவர் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. உங்களில் யாருக்காவது ஒருவனுடைய பெயரைக் கேட்டாலே பல் இறுகுமென்றால், நல்லவராக மாறிய பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். இறுகிய பல்லோடேயே கேளுங்கள். எனக்குத் தந்தவர் உங்களுக்கும் தருவார்.