இரண்டு கம்பளி

தெஹியோவிட்ட பக்கம் நாங்கள் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவை இப்போது சுற்றுலாக்காரர்களுக்கு விடுகிறார்கள். அவர்கள் சவாரி போக ஒரு குதிரை உண்டு. அதைப் பார்த்துக்கொள்வது என் வீட்டுக்காரர். அவருக்குக் காய்ச்சல் வந்த அன்று அவருக்குப் பதிலாக நான் போனேன்.

மழைக்காலத்தில் குதிரை இளைத்துப்போயிருந்தது. சேணம் அதன் முதுகெலும்பில் உரசுமே என்று எனக்குப் பாவமாக இருந்தது. கொழுந்துக்கூடைக் கயிறு தலையை அறுக்காமல் இருக்க நாங்கள் துணியை மடித்து வைப்போம். அதே மாதிரி இரண்டு கம்பளியை மடித்து சேணத்துக்கு அடியில் வைத்து, வாரை இறுக்கிக் கட்டினேன்.

கொழும்பிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண்பிள்ளை ஏறியது. நான் குதிரையின் கயிற்றைப் பிடித்து முன்னால் நடந்தேன், தாய் பின்னால் நடந்து வந்தார். பள்ளத்தை ஒட்டிய வளைவில் சேணம் அப்படியே சரிந்துவிட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது பிள்ளை குதிரையின் வயிற்றோரம் தலைகீழாகத் தொங்கியது. ஒரு கால் சேணத்தின் மிதிவளையத்தில் மாட்டியிருந்தது.

"ஐயோ, புள்ளய புடிங்க!"

"சத்தம் போடாதீங்கம்மா, குதிர மிரண்டுரும்" என்றேன். அது ஓர் அடி துள்ளினால் பிள்ளை பள்ளத்தில். குதிரை நடுங்கியது, ஆனால் நகரவில்லை. காலை விடுவித்துப் பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ரெண்டு கம்பளியா? அவ்வளவு தடிப்பா வச்சா கம்பளி அமுங்கி வார் தளர்ந்துரும், சேணம் எப்படி குதிர முதுகுல நிக்கும்?" என்றார் வீட்டுக்காரர், நான் வீட்டுக்கு வந்து சொன்னபோது.

குதிரையின் முதுகில் ஒரு கீறல்கூட இல்லை. சின்ன வயதிலிருந்து சுமந்தே பழகியவள் நான். சுமக்கிற முதுகைத்தான் நினைத்தேன், மேலே ஓர் உயிர் உட்காரும் என்று நினைக்கவேயில்லை.