இமயமலைக்குப் போன கருவாடு

சென்ற செவ்வாய்க்கிழமை மண்ணடியில் ஒரு வேலை. மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு கடைக்குள் போனேன். திரும்பி வந்து பார்த்தால், வண்டியைச் சுற்றி நாலு நாய்கள். ஒன்று என்ஜினை நக்கிக்கொண்டிருந்தது. இன்னொன்று சீட்டுக்கு அடியில் மூக்கை நுழைத்து, கண்ணை மூடி, ஏறக்குறைய தியானத்தில் இருந்தது.

"இதுதானா சார், இமயமலை வரைக்கும் போய் வந்த வண்டி?" என்று கடைக்காரர் கேட்டார்.

"இதேதான்" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"வழியில மீன் வியாபாரம் ஏதாச்சும் செஞ்சீங்களோ?"

நிமிர்ந்த நெஞ்சு தானாக இறங்கிவிட்டது. ஊரெல்லாம் ஆளுக்கொரு கதை சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

"மன உறுதி ஒன்று இருந்தால் ராயபுரத்திலிருந்து இமயமலைக்கு மோட்டார் சைக்கிளில் தன்னந்தனியாகப் போகலாம்" என்று இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் எழுதியவன் நான்தான். எழுதும்போது போகிற உத்தேசம் துளியும் கிடையாது. ஆனால் வாசகர்கள் லேசுப்பட்டவர்களா? சலூனில், டிராமில், கல்யாணப் பந்தியில்... எங்கே பார்த்தாலும் ஒரே கேள்வி: "எப்ப சார் புறப்பாடு?" நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் பேனாவால் கெட்டேன்.

என் மனைவி மட்டும் கேட்கவில்லை. கொத்தமல்லி வாங்க அனுப்பினால் கறிவேப்பிலையோடு வருகிறவன் இமயமலைக்குப் போய்ச் சேர மாட்டான் என்று அவளுக்கு ஒரு நிம்மதி.

கார்த்திகை மாதம், மழை கொஞ்சம் விட்ட ஒரு காலையில் கிளம்பினேன். கழுத்தில் ஆளுயர மாலை. முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பெட்ரோல் டாங்கின் மேலேயே கற்பூரம் கொளுத்தப் போன ஒரு பக்திமானை நாலு பேர் சேர்ந்து இழுத்துப் பிடித்தார்கள். இல்லாவிட்டால் நான் இமயத்தைத் தாண்டி நேரே கைலாசத்துக்கே போயிருப்பேன். தெருவே கை தட்ட, புகையைக் கக்கிக்கொண்டு பறந்தேன். பறந்து... கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றேன்.

கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று முன்னால் போயிற்று, பின்னால் வந்தது, பிறகு அங்கேயே நின்று யோசித்தது. மாலையும் கழுத்துமாக மாட்டு வண்டிகளுக்கு நடுவே நின்றேன். ஒரு மாடு மாலையைத் தின்ன ஆரம்பித்தது.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல்: "நைனா! இரு நைனா!"

அந்தோணியம்மா. எங்கள் பக்கத்தில் மீன் விற்கிறவள். ஓலையிலும் கோணியிலும் சுற்றிய ஒரு மூட்டையோடு மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"வடக்கால போறியாமே? முர்ரின்னு ஒரு மலை கீதாம். அங்க கர்னல் தொரை பங்களாவுல எம்புள்ள சவரி பட்லரா கீறான். இத்த அவன் கையில குடுத்துடு."

"என்ன இது?"

"வஞ்சிரக் கருவாடு."

எங்கள் வீடு சுத்த சைவம். பூர்வீகம் திருநெல்வேலி. கடற்கரைப் பக்கம் கருவாடு காயும் நாட்களில் என் மனைவி ஜன்னலைச் சாத்திவிடுவாள். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தோணியம்மா மூட்டையைப் பின்சீட்டில் வைத்துக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். கட்டிக்கொண்டே சொன்னாள்:

"அவங்கப்பன் கட்டுமரத்தை இவன் சரியாக் கட்டாம வுட்டுட்டான். அலை வந்து கல்லு மேல மோதி ஒடைச்சுடுச்சு. அந்த வெக்கத்துல போனவன்தான். வருசக்கணக்கா ஒரு சேதி இல்ல. பனியில செத்துட்டான்றான் ஒருத்தன். அங்கயே குடும்பமாகி நம்ம பாஷையே மறந்துட்டான்றான் இன்னொருத்தன். நீ ஒண்ணும் பேச வேணா நைனா. குடு. அவன் துன்றதைக் கண்ணால பாத்துட்டு வா. அது போதும்."

கேட் திறந்தது. மறுக்க நேரமில்லை. உண்மையைச் சொன்னால், அவள் முகத்தைப் பார்த்த பிறகு மறுக்கத் தைரியமும் இல்லை.

பயணம் போகிறவன் தன்னை மகா வீரன் என்று நினைத்துக்கொள்கிறான். ஊர் அவனைப் பார்சல் வண்டி என்று நினைக்கிறது. எது சரி என்று போகப் போகத் தெரிந்தது.

நெல்லூருக்கு முன்னாலேயே புயல் மழை பிடித்துக்கொண்டது. பாதையும் ஏரியும் ஒன்றாகிவிட்டன. வண்டி என்னைச் சுமந்தது பாதி, வண்டியை நான் தள்ளியது பாதி. பாலமில்லாத ஆறுகளைப் படகில் தாண்டினேன். படகில் எல்லோரும் ஒரு பக்கம், நானும் மூட்டையும் ஒரு பக்கம். படகு சாயாமல் போனது கடவுள் கிருபை. ஒரு சத்திரத்துக்காரர் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு, வழியில் யாராவது தவறிவிட்டார்களா என்று அனுதாபத்தோடு விசாரித்தார்.

பிரித்துப் பார்த்தேன். கருவாடு மழையில் ஊறி மறுபடி மீனாகிக்கொண்டிருந்தது! இப்படியே விட்டால் அழுகிவிடும். வெயில் கிடையாது. என்ன செய்வது? சூடாக இருந்தது ஒன்றே ஒன்று... என்ஜின். துண்டு துண்டாக எடுத்து அதன்மேல் பரப்பினேன். சைவக் குலத்தில் பிறந்தவன் நடுரோட்டில் குந்தி, மோட்டார் சைக்கிள் மேல் கருவாட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். மழை விடும்போதெல்லாம் இதே உத்தியோகம். நாக்பூர் தாண்டுவதற்குள் கைதேர்ந்துவிட்டேன். ஒவ்வொரு ஊர் எல்லையிலும் நாய்கள் என்னை வரவேற்று, மறு எல்லை வரை வழியனுப்பி வைத்தன. கவர்னருக்குக்கூட அந்த மரியாதை கிடைத்திருக்காது.

ராவல்பிண்டிக்கு மேலே, இமயத்தைச் சேர்ந்த முர்ரி மலைப்பாதையில் ஏறும்போது பனி கொட்ட ஆரம்பித்தது. மார்கழிக் குளிருக்கே மப்ளர் கட்டுகிற வம்சம் எங்களுடையது. நாலு பனியன், இரண்டு கோட்டு, அதற்கு மேல் ஒரு கோணி போட்டிருந்தேன். ஒன்றும் பிரயோஜனப்படவில்லை. சக்கரம் வழுக்கி விழுந்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். ஒரு வளைவில் எழுந்திருக்கவே மனம் வரவில்லை. திரும்பிப் போய்விடலாம், கேட்டால் ஆளே இல்லை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மூட்டை என் முகத்துக்கு நேரே கிடந்தது. அந்த வாசனையில் நினைவு தப்பவும் வழியில்லை. எழுந்துவிட்டேன்.

முர்ரியில் துரைமார்களெல்லாம் குளிருக்குப் பயந்து கீழே இறங்கிப் போய்விட்டார்கள். பங்களாக்கள் பூட்டிக் கிடந்தன. ஒன்றில் மட்டும் புகை வந்தது. கதவைத் தட்டினேன். தாடியும் கம்பளியுமாக ஒருவன் திறந்து, இந்துஸ்தானியில் ஏதோ அதட்டினான். காலடியில் சடை நாய் ஒன்று உறுமிற்று. என் உதடு குளிரில் விறைத்திருந்தது. மூட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

அவன் மூக்கு ஒரு முறை விரிந்தது.

"வஞ்சிரம்" என்றான். பிறகு மெதுவாக, "எங்கம்மா போட்ட உப்பு."

என்னை அடுப்புப் பக்கம் உட்கார வைத்தான். கருவாட்டை மிளகாய் போட்டு வறுத்தான். இரண்டு தட்டு எடுத்தான். நல்ல நடுத்துண்டாகப் பார்த்து எனக்கு வைத்தான்.

"நான் சைவமப்பா" என்றேன்.

கையைத் தட்டில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான். "ஒரு வாய் துன்னு சார். தனியாத் துன்னா எனுக்கு எறங்காது."

தின்றேன். (இந்த வரியை என் மனைவி தாண்டிப் போய்விட வேண்டும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறேன்.) அவன் குனிந்த தலை நிமிராமல் தின்றான். தாடியெல்லாம் கண்ணீர். எனக்கும் அழுகை வந்தது. காரம் ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் கேட்டான்: "கட்டுமரத்தைப் பத்தி இன்னா சொல்லிச்சு எங்கம்மா?"

"ஒன்றும் சொல்லவில்லை. நீ தின்பதைப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள்."

அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினான். "பனி கரைஞ்சதும் வரேன்னு சொல்லு சார்" என்றான்.

திரும்பியது ரயிலில். மோட்டார் சைக்கிள் சாமான் ஏற்றும் பிரேக் வேனில் வந்தது. ரயில் கார்டு ஏன் வழி நெடுக மூக்கில் துணி கட்டியிருந்தார் என்று கேட்காதீர்கள்.

ராயபுரத்தில் நான் பெரிய வரவேற்பை எதிர்பார்த்தேன். இமயம், பனி, மரணத்தின் வாசல் என்று ஒரு சொற்பொழிவே தயார். தெருமுனையில் முதலில் ஓடி வந்து ஹாண்டில் பாரைப் பிடித்தவள் அந்தோணியம்மா.

"துன்னானா?"

"தின்றான்."

"நடுத்துண்டை இன்னா பண்ணான்?"

"எனக்கு வைத்துவிட்டான்."

"நீ துன்னியா?"

சுற்றிலும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினேன்.

அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். "அவன்தான்! எம்புள்ளதான்! எவனும் பேரைச் சொல்லி ஏமாத்தலாம் நைனா. தனியாத் துன்ன மாட்டான் அவன், சின்னப் புள்ளையிலேர்ந்தே." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பனி கரைந்ததும் வருகிறான் என்று சொன்னேன். சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது.

"அந்தப் பனியில... தெனமும் யாரு கூட துன்றான்?"

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. இவ்வளவு தூரம் போய், பக்கத்தில் உட்கார்ந்து தின்றுவிட்டு வந்திருக்கிறேன்.

"ஒரு நாய் இருக்கிறது" என்றேன்.

முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "அந்த நாயையும் கூட்டினு வரச் சொல்லு. வூட்ல எடம் கீது."

அன்றைக்கே சவரிக்குத் தபால் கார்டு எழுதிப் போட்டுவிட்டேன். ஆக, சித்திரை வாக்கில் என் வண்டியை நக்க இன்னும் ஒரு நாய்!