கேட்டில் பூசிய மருதாணி

"இந்த வயசுல யாருக்காகம்மா சாயம்?" என்றாள் மகள். அவள் வாங்கி வந்த டப்பாச் சாயத்தைக் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன், நாளெல்லாம் அரித்தது. குப்பையில் போட்டுவிட்டு, இன்று மருதாணியையும் கரிசலாங்கண்ணியையும் குழைத்தேன். அந்தப் பச்சை வாசனை என்னை மலாயா ரப்பர் எஸ்டேட் முள்வேலிக்குள் கொண்டுபோய் நிறுத்தியது.

வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, கேட்டைத் தாண்டி ஒரு பிடி சோறு கொண்டுபோக விடமாட்டார்கள். மீறினால் ஜெயில்தான். அம்மாவுக்கு முப்பது வயதிலேயே நரை. நரையைக் கண்டால் கங்காணி ரப்பர் பால்வெட்டிலிருந்து கூலி குறைந்த புல்வெட்டுக்கு மாற்றிவிடுவார். ஒட்டி ஒட்டி இருக்கும் லயத்து வீட்டில் பூசினால் எல்லாரும் பார்ப்பார்கள். அதனால் அரைத்த மருதாணியை டின்னில் எடுத்துப்போய், மரத்தில் பால் வடிந்து முடியும்வரை தலையில் ஊறவைப்பாள்.

அன்று காவலுக்கு நின்றவன் புதியவன். டின்னைத் திறந்து, "யாருக்குச் சாப்பாடு இது?" என்று அதட்டினான். நான் அம்மாவின் கைலியைப் பிடித்துக்கொண்டேன்.

"சாப்பாடா? ஒரு வாய் தின்னு பாருலா, தம்பி!"

அவன் தின்னவில்லை. அம்மா தலைத்துணியை உருவி எறிந்தாள். மறைத்து வைத்திருந்த நரை முழுக்கத் தெரிய, அத்தனை பேர் முன்னால் அள்ளி அள்ளிப் பூசினாள். கங்காணியும் அங்கேதான் நின்றார். "போதுமா?" என்று அவரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

மறுநாளும் அம்மா கையில் பால்கத்திதான் இருந்தது.

"யாருக்காகன்னு கேட்டேனே?" என்றாள் மகள்.

"எனக்குத்தான்லா. கிண்ணத்தைப் பிடி."